ஈரடிக் குருவியின் இரண்டாம் அடி

இதில் ஓர் எழுத்துகூடப் பொய் கிடையாது. என் மூக்குக்கண்ணாடிமேல் ஆணை. அது இல்லாவிட்டால் எனக்கு எதிரே நிற்பது ஆளா தூணா என்றே தெரியாது. அதைவிடப் பெரிய சாட்சிக்கு நான் எங்கே போவேன்?

ஓய்வுபெற்ற லிஃப்ட் மெக்கானிக் ஒருவர், தீவுப் பறவைகளைப் பார்க்கக் கூட்டிப்போகும் படகில் ஏறி உட்கார்ந்தார். படகுக்காரர் வானத்தைப் பார்த்து உச்சுக்கொட்டிக்கொண்டிருந்தார். மெக்கானிக் கழுத்தில் தொங்கிய பைனாகுலரைக் கண்ணில் வைத்தார். இரு ஓரமும் கறுப்பு; நடுவில் ஒரு வெளிச்சக் கீற்று.

அது காலமாகிவிட்ட அவர் மனைவியின் பைனாகுலர். அந்த அம்மாளுக்குச் சின்ன முகம், கண்கள் நெருங்கியிருக்கும். அதற்கேற்றபடி நடுக் கீலை மடக்கி வைத்திருப்பார். மெக்கானிக்குக்கோ தாம்பாளம் மாதிரி முகம். காலையில்தான் கீலை விரித்துத் தன் கண்ணுக்குச் சரிசெய்து, திருகாணியை முறுக்கி, அசைத்தும் பார்த்திருந்தார். அவர் முறுக்கிய திருகாணி ஆயுசுக்கும் நகர்ந்ததில்லை. இப்போது கீல் மடங்கியிருந்தது.

'படகு ஆட்டம்' என்று தனக்கே சொல்லிக்கொண்டு மறுபடி விரித்தார்.

அந்தத் தீவில் மட்டும் இருக்கும் ஈரடிக் குருவியின் பாட்டைக் கேட்க வேண்டும் என்பது அந்த அம்மாளின் வாழ்நாள் ஆசை. ஒவ்வொரு வருஷமும் கேட்பார். ஒவ்வொரு வருஷமும் எங்காவது ஒரு லிஃப்ட் பாதியில் நிற்கும். "அடுத்த வருஷம் பாக்கலாம்மா" என்பார் இவர். ஊரார் எல்லாம் மேலும் கீழுமாகப் போய்வந்தார்கள். இவர் சம்சாரம் சமையலறை ஜன்னலோரமே நின்று, வந்த காக்காய்களைப் பார்த்தார். கடைசியில் ஆஸ்பத்திரிக் கட்டிலில், "நீங்களாவது போங்க. முழுப் பாட்டையும் கேட்டுட்டு வந்து எனக்குச் சொல்லுங்க" என்றார். இவர் சரியென்று தலையாட்டினார். அந்தத் தலையாட்டல்தான் அவரைப் படகில் ஏற்றியது.

"முழுப் பாட்டா?" என்றாள், எதற்கு வந்தாரென்று படகில் விசாரித்த கைடு. எல்லோரும் அவளை விசிலம்மா என்றார்கள். எந்தப் பறவையின் குரலிலும் விசிலடிப்பாள். "அதுக்கு ஜோடி வேணும் சார். ஆண் முதல் அடியப் பாடும், பெண் அடுத்த அடியப் பாடும். கேக்கறவங்களுக்கு ஒரே தொண்டைன்னு தோணும். இப்ப ஆண் ஒண்ணுதான் மிச்சம். அது பாடிட்டு, பெண் பாடுற அளவுக்குச் சும்மா இருக்கும். அப்புறம் மறுபடி முதல் அடி."

"பதில் வராதுன்னு அதுக்குத் தெரியாதா?" என்றார் பீரங்கி மாதிரிக் கேமரா வைத்திருந்த பல் டாக்டர்.

"தெரியாதுன்னு உங்ககிட்ட சொல்லுச்சா?"

டாக்டர் வாயை மூடிக்கொண்டார். அவர் தொழிலில் அது அபூர்வம்.

"ஒண்ணே ஒண்ணு. அது சும்மா இருக்கிற நேரத்துல யாரும் சத்தம் போடக் கூடாது. முன்ன நான் பெண் குரல்ல விசிலடிச்சு வரவைப்பேன். பாவம், அது நம்பிடுச்சு. கூடு கட்டி, பக்கத்துல இடம் விட்டு ஓரமா உக்காந்து, இரை எடுக்காம கெடந்துச்சு. அன்னிக்கோட விட்டுட்டேன்."

மெக்கானிக்குக்குத் தன் ராத்திரிகள் நினைவுக்கு வந்தன. கட்டிலில் படுத்தபடி "கேஸ் மூடியாச்சா?" என்று சமையலறைப் பக்கம் குரல் கொடுப்பது அவர் வழக்கம். "ஆச்சு, ஆச்சு. தூங்குங்க" என்று பதில் வரும். இப்போதும் கேட்கிறார். பதில் வருகிற அளவுக்குப் பேசாமல் இருந்துவிட்டுத்தான் திரும்பிப் படுக்கிறார். இதைப் பல் டாக்டரிடமா சொல்ல முடியும்?

பொழுது சாயும் நேரத்தில் தீவின் நடுவே, பச்சைத் துணி போர்த்திய ஒரு மறைப்புக்குள் மூவரும் ஒரே பலகையில் வரிசையாக உட்கார்ந்து, முகத்துக்கு நேரே இருந்த நீளமான திறப்பு வழியாக எதிர்மரத்தின் பட்டுப்போன கிளையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அழுகிய இலையும் உப்பும் கலந்த வாடை தொண்டையில் போய் உட்கார, துணியில் விழுந்த கிளை நிழல்கள் காற்றே இல்லாமல் மெல்ல ஊர்ந்தன. மெக்கானிக்கின் வலப்புறம் மற்ற இருவரும். இடப்புறம் பலகை காலியாக இருந்தது.

குருவி வந்து கிளையில் உட்கார்ந்தது. சாம்பல் நிறம், கட்டைவிரல் பருமன். அதற்குள்ளிருந்து அப்படியொரு குரல் எப்படி வரும்? ஏறி, ஏறி, கேள்வி மாதிரி உச்சியில் நின்றது.

பிறகு மௌனம். மெக்கானிக்குக்கு அந்த மௌனத்தின் நீளம் தெரியும். தினமும் படுக்கையில் அளக்கிற நீளம்.

குருவி மறுபடி பாடியது. மறுபடி மௌனம்.

அதற்குள் ஒரு விசில் எழுந்தது. இறங்கி, இறங்கி, கேள்வியைக் கையில் வாங்கி மடியில் வைத்துக்கொண்டதுபோல முடிந்தது.

"யாரது?" என்று பல்லைக் கடித்தாள் விசிலம்மா. "படிச்சுப் படிச்சுச் சொன்னேன்ல?"

"என் வாயில டிரில் சத்தம்தாம்மா வரும்" என்றார் டாக்டர். இருவரும் மெக்கானிக்கைப் பார்த்தார்கள்.

"நான் இல்ல. எனக்கு விசிலே வராது."

விசிலம்மாவின் முகம் மாறியது. "அவ்வளவு சுத்தமா எனக்கே வராது சார். அப்போ பெண் ஒண்ணு இருக்கு. இந்தப் பக்கம்தான். நீங்க இருங்க, கிளையப் பாத்துக்கிட்டே இருங்க." இருவரும் துணியை விலக்கிக்கொண்டு ஓடினார்கள். இலைகள் மிதிபடும் சத்தம் தேய்ந்தது. நின்றது.

மெக்கானிக் சொல்ல நினைத்தார். விசில் வந்தது காட்டிலிருந்து அல்ல. இடப்புறத்திலிருந்து.

பலகை கிறீச்சிட்டது. இரண்டு பேர் எழுந்துபோன பலகை மேலே எழும்ப வேண்டும். அது இடப்பக்கம் தாழ்ந்தது.

பாத்திரச் சோப்பின் வாடை. ஈரக் கையின் வாடை. அதற்கடியில், ஆஸ்பத்திரி.

குருவி கிளையை விட்டுப் பறந்து வந்து திறப்பின் விளிம்பில் உட்கார்ந்தது. கையெட்டும் தூரம். அது அவரைப் பார்க்கவில்லை. அவருக்கு இடப்பக்கம் பார்த்தது. இறகைக் கோதிக்கொண்டு, கொஞ்சம் நகர்ந்து, பக்கத்தில் இடம் விட்டது.

அவர் தலையைத் திருப்பவில்லை. எத்தனை ராத்திரி இதற்காக ஏங்கியிருப்பார்! வந்தால் சந்தோஷப்படுவோம் என்றுதான் நினைத்திருந்தார். பயப்படுவோம் என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை. கட்டிய பெண்டாட்டியிடம் பயம். அந்த வெட்கத்தில் கண் கலங்கியது. மறைக்கப் பைனாகுலரைத் தூக்கிக் கண்ணில் வைத்தார்.

குருவி பாடியது. ஏறி, ஏறி, நின்றது.

மௌனம்.

அவர் வாய் தானாகக் கேட்டது: "கேஸ்... மூடியாச்சா?"

கீல் நகர்ந்தது.

இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தார். நகர்ந்தது. மெதுவாக. அவர் விரல்களின்மேல் ஈரமான, சில்லென்ற விரல்கள். ஓரங்கள் கறுத்தன. வெளிச்சம் கீற்றானது. அவர் கன்னத்தோடு ஒரு சின்னக் கன்னம் ஒட்டியது. இடக் கண்ணுக்கான குழாய் அவருடையதாக இல்லை. அதில் இன்னொரு இமை துடித்தது. முடி அவர் நெற்றிப்பொட்டில் உரசியது.

காதோரம் விசில். இறங்கி, இறங்கி, முடிந்தது. முழுப் பாட்டு.

"ஆச்சு, ஆச்சு" என்றது குரல். "தூங்குங்க."

ஒன்று மட்டும் சொல்ல விட்டுப்போயிற்று. அன்று கடல் சரியில்லையென்று படகு கரையை விட்டுக் கிளம்பவே இல்லை. எல்லோருடைய டிக்கெட்டையும் அடுத்த வருஷத்துக்கு மாற்றிக் கொடுத்தார்கள்.