மேசைக்கு வெளியே ஒரு ஜீரோ

செதுக்கும் மெஷினில், வேலை தொடங்கும் புள்ளியாக எழில் பலகையின் மூலையில் ஜீரோ வைத்துவிட்டுத் திரும்புவதற்குள் அது மாறியிருந்தது.

"அண்ணா, காலையிலேர்ந்து இதே கதை. இங்க ஆரம்பின்னு ஆஃப்செட் குடுத்தா, அங்க போய் நிக்குது."

அவன் கை நீட்டிய இடத்தில் மேசை முடிந்து, சுவருக்கு முன்னால் ஓர் ஆள் நிற்கும் இடைவெளி மட்டுமே இருந்தது. முதலாளி விமல்ராஜ் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையை ஒட்டிய அவனுடைய கதவுப் பட்டறையில், பூவேலை செதுக்கும் அந்த சிஎன்சி மெஷினை முன்பு ஓட்டிய நூருல்லா, மாசியில் அந்த இடைவெளியில்தான் நசுங்கிச் செத்தான். நீளமான கதவு ஒன்றுக்காக, கத்தியையும் அதைச் சுழற்றும் மோட்டாரையும் சுமந்து ஓடும் குறுக்குச் சட்டம் எதுவரை நகரலாம் என்ற லிமிட்டை நீக்கியவன் விமல்ராஜ். போலீசில், "அவனே எடுத்துட்டான் சார்" என்றான்.

நூருல்லாவின் மனைவி மெஹ்விஷ் ஸ்டேஷன் வாசலில் மறித்தாள். "அண்ணாமலையார் மேல சத்தியம் பண்ணுவீங்களா?"

பண்ணினான்.

"நீ டீ குடிச்சுட்டு வா. நான் பாத்துக்கறேன்" என்று இப்போது எழிலை அனுப்பினான். லிமிட்டைப் புதிதாகக் கொடுத்தான். சட்டம் அதையும் தாண்டி ஊர்ந்தது. மெயினை அணைத்துவிட்டு, அதைத் திரும்பத் தள்ளி நிறுத்தினான். சுவரோரம் இருந்த லிமிட் சுவிட்சைப் பார்க்க இடைவெளியில் குந்தினான். பாதி இறக்கிய ஷட்டருக்கு அடியில், பௌர்ணமிக் கூட்டத்தின் வெறுங்கால்கள் சாயங்கால வெளிச்சத்தில் போய்க்கொண்டே இருந்தன. அரோகரா சத்தமும் கற்பூரப் புகையும் உள்ளே வந்து, ஈரத் தேக்குத் தூளின் வாசனையோடு கலந்தன. அதற்கு நடுவே இன்னொரு வாசனை. கிராம்பு.

நூருல்லா வேலை நேரத்தில் கிராம்பு மெல்லுவான்.

பின்னால் சட்டம் ஓடும் தண்டவாளம் கிறீச்சிட்டது.

திரை இருண்டிருந்தது. மெயின் அணைந்தே இருந்தது. சட்டம் வந்துகொண்டிருந்தது. அவசரமில்லாமல், ஓர் ஆள் தள்ளிக்கொண்டு வரும் வேகத்தில்.

அவன் எழுவதற்குள் இரும்பு தோளைச் சுவரோடு அழுத்தியது. நசுக்கவில்லை. அசைய விடவும் இல்லை.

"எழிலு! டேய்!"

அரோகரா. அரோகரா. ஒரு காலும் ஷட்டர் பக்கம் திரும்பவில்லை.

"நூரு... நான்தான் எடுத்தேன். சொல்லிடறேன். எல்லார்கிட்டயும் சொல்லிடறேன்பா."

சட்டம் நின்றது. கிராம்பு வாசனை காதருகே வந்தது.

உச்சந்தலையில் ஏதோ மெல்லியதாக வைக்கப்பட்டது. காகிதத் துண்டு. கத்தியின் உயரத்தை நூருல்லா இப்படித்தான் பார்ப்பான்: மரத்தின் மேல் காகிதம் வைத்து, விரலால் ஆட்டியபடியே, கத்தி அதைக் கவ்வும்வரை இறக்குவான்.

காகிதம் ஆடியது. முன்னும் பின்னும். பொறுமையாக.

மேலே ஏதோ இறங்கியது. மயிரிழையாய்.

இன்னும் கொஞ்சம்.

காகிதம் நின்றது.

தலைக்கு மேல், கரண்ட் இல்லாத மோட்டார் சுழலத் தொடங்கியது.