முப்பத்து நான்காவது விநாடி

அவளுடைய ரத்தம் எட்டு விநாடி முன்னதாகவே உறைந்துவிட்டது.

ஆஸ்பத்திரியின் அடித்தளத்திலிருந்த அந்த லேபில் இது நடக்காத காரியம். ரத்தத்திலிருந்து பிரித்த மஞ்சள் நீரில் மருந்தை விட்டு, குழாயைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்து, உறைகிற கணத்தில் ஸ்டாப்வாட்சை அமுக்குவதுதான் பதினோரு வருடமாக அவள் வேலை. ஒப்பிட்டுப் பார்க்க நல்ல உடம்புக்காரர் ஒருவரின் ரத்தமும் வேண்டும். ஆள் கிடைக்காத நாட்களில் அவளே கையை நீட்டுவாள். மற்றவர்களுக்கு முப்பத்து நான்கு, முப்பத்தைந்தில் உறைந்துவிடும்; அவளுக்கு எப்போதும் நாற்பத்திரண்டு விநாடி. அவள் ரத்தம்கூட அவளைப் போலவே ஆடி அசைந்துதான் வருகிறது என்று கூட வேலை செய்பவர்கள் கேலி செய்வார்கள். அவளும் சிரித்து வைப்பாள்.

இன்று விடுமுறை, லேபில் வேறு யாரும் இல்லை. மாடியில் அவளுடைய ஆறு வயது மகன், தொண்டைச் சதையை வெட்டியெடுக்கும் ஆபரேஷனுக்காகப் பட்டினியாகப் படுத்திருந்தான். ஒரு பால் பல்லைப் பிடுங்கியதில் மூன்று நாள் ரத்தம் நிற்காமல் சின்ன வயதிலேயே செத்துப்போன அவள் தம்பியைப் பற்றி வீட்டில் எல்லோரும் வாயை மூடிக்கொள்ள, அவள் மட்டும் ஒற்றைக்காலில் நின்று இந்தச் சோதனையைக் கேட்டு வாங்கினாள். தானே செய்யவும் இறங்கி வந்தாள்.

மகனின் குழாயைச் சாய்த்தாள். முப்பத்து நான்கு. அவளுடையதும் அதே முப்பத்து நான்கு. வயிற்றில் பால் வார்த்தது போல இருந்திருக்க வேண்டும். ஆனால் அவளுக்கு ஒருநாளும் முப்பத்து நான்கு வந்ததில்லை.

குளிர்பெட்டியின் இரைச்சலுக்கும் வெந்நீர்த் தொட்டியின் முனகலுக்கும் அடியில், அவசரமே இல்லாமல், ஒவ்வொன்றாக எதுவோ சொட்டிக்கொண்டிருந்தது. கூடவே நனைந்த பஞ்சின் இரும்பு வாடை, தம்பியின் கட்டிலருகே மூன்று நாளும் அடித்த அதே வாடை. கை கழுவும் இடம் வறண்டிருந்தது. ரத்தம் எடுத்த முழங்கையில் ஒட்டியிருந்த பஞ்சைத் தொட்டுப் பார்த்தாள். காய்ந்திருந்தது.

மகனின் குழாயை மறுபடி சாய்த்தாள். உறைந்தது இளகி ஓடியது. ஒருமுறை உறைந்தது அப்படி இளகாது.

போன் அடித்தது. ஆபரேஷன் செய்யும் டாக்டர். முப்பத்து நான்கு என்று எழுதிய சீட்டு வந்துவிட்டது, மயக்க மருந்து கொடுத்துவிடலாமா என்றார்.

அவள் எந்தச் சீட்டும் அனுப்பவில்லை.

ரிசீவரைப் பிடித்தபடி திரும்பினாள். தாங்கியில் இரண்டு குழாய்கள் வைத்திருந்தாள். இப்போது மூன்று. மூன்றாவதில் பெயர் இல்லை. மஞ்சள் இல்லை. சிவப்பு. தொட்டாள். உடம்புச் சூடு.

ஓடிவிட வேண்டும் போலிருந்தது. ஓடவில்லை.

"வேண்டாம் சார். அந்த ரிசல்ட் பொய்" என்றாள். "என் ரத்தத்துலயே கோளாறு இருக்கு, அவனுக்கும் இருக்கலாம். பதினோரு வருஷமா அதப் பாத்துச் சிரிச்சுக்கிட்டு இருந்திருக்கேன். வேற லேப்ல பாக்குற வரைக்கும் என் பையன் மேல யாரும் கை வைக்கக் கூடாது."

டாக்டர், ஆபரேஷனைத் தள்ளிப்போடுவதாகச் சொல்லிப் போனை வைத்தார்.

சொட்டும் சத்தம் வேகமெடுத்தது.

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு மூன்றாவது குழாயின் எதிரே உட்கார்ந்தாள்.

"தம்பி, அன்னிக்கு எனக்கு ஒம்பது வயசு. உன் கையப் புடிச்சுக்கிட்டு அழத்தான் தெரிஞ்சுது. இவன உனக்குத் தரமாட்டேன்."

குழாயில் ரத்தம் ஏறியது. விளிம்பைத் தொட்டது. வழிந்தது. மேசையிலிருந்த அவள் விரல்களுக்கு வந்தது. விரலை எடுக்கவில்லை. ஸ்டாப்வாட்சை அமுக்கினாள்.

நாற்பத்திரண்டு. நூறு. முந்நூறு.

உறையவில்லை. குழாயை எடுத்துச் சாய்த்தாள். உள்ளே ஏதோ உருண்டு கண்ணாடியில் தட்டியது.

சின்னஞ்சிறு பால் பல். அதன் அடியிலிருந்து ரத்தம் ஊறிக்கொண்டே இருந்தது.