பன்றித் தலையைக் காணோம்

சனிக்கிழமை காலைகளில் மேவிஸ் யாரையும் நம்புவதில்லை.

அதற்குக் காரணம் இருந்தது. வாரா வாரம் அன்றைக்கு அவளும் அவள் அம்மா கோரினும் விடிந்ததும் வேனை எடுத்துக்கொண்டு கிளம்புவார்கள். மின்கம்பங்களில் ஒட்டியிருக்கும் அம்புக்குறி அட்டைகளைப் பார்த்துக்கொண்டே தெருத் தெருவாகப் போவார்கள். எந்த வீட்டில் கார் நிறுத்தும் கராஜைத் திறந்து பழைய சாமான்களை விற்பனைக்குப் பரப்பியிருக்கிறார்களோ, அங்கே இறங்கித் தேடுவார்கள். பாட்டன் காலத்து விளக்கோ பூப்போட்ட கண்ணாடிக் கிண்ணமோ கிடைத்தால், அம்மா அதைத் துடைத்துப் பளபளப்பாக்கித் தன் சின்னக் கடையில் வைத்து விற்பாள். அவர்கள் பிழைப்பே அதுதான்.

ஆனால் எங்கே போனாலும் மெர்வின் முந்திக்கொண்டு வந்து நிற்பார். அவருக்கும் அதே தொழில். நெட்டையான மனிதர். மே மாத வெயிலிலும் முழங்கால்வரை தொங்கும் கோட்டு. அதில் எட்டுப் பைகள். மேவிஸ் எண்ணிப் பார்த்திருக்கிறாள். எட்டும் எப்போதும் புடைத்தே இருக்கும்.

"அதுக்குள்ள என்னம்மா வச்சிருப்பாரு?" என்று அவள் கேட்காத வாரம் கிடையாது.

"அவர் பை, அவர் பாடு" என்பாள் அம்மா.

அந்தச் சனிக்கிழமை அவர்கள் போனது லொரெட்டா என்பவரின் வீட்டுக்கு. லொரெட்டாவின் கணவருக்குத் தொலைதூர அரிசோனாவில் வேலை கிடைத்திருந்தது. அடுத்த வாரமே குடும்பத்தோடு கிளம்புவதால், கொண்டுபோக முடியாததை எல்லாம் விற்றுக்கொண்டிருந்தார்கள்.

வழக்கம்போல் மெர்வின் அங்கே இருந்தார். குனிந்து எதையோ பார்த்துக்கொண்டிருந்தவர், இவர்களைக் கண்டதும் சட்டென்று நிமிர்ந்தார். மேவிஸின் கண்கள் சுருங்கின.

மேசைமேல் ஒரு பீங்கான் பன்றி உட்கார்ந்திருந்தது. பிஸ்கட் போட்டுவைக்கிற ஜாடி. நீல நிறச் சட்டை, அதில் மூன்று பொத்தான்கள், கொழுத்த வயிறு. அம்மாவின் முகம் மலர்ந்தது. ஆனால் பன்றிக்குத் தலை இல்லை. தலைதான் ஜாடியின் மூடி.

பக்கத்தில் ஒரு காப்பி அரைக்கும் பெட்டி. அதைச் சுற்றுகிற கைப்பிடியைக் காணோம். சுவர்க் கடிகாரம் ஒன்று இருந்தது. அதற்குச் சாவி இல்லை.

அம்மா விசாரித்ததும் லொரெட்டா திகைத்துப்போனார். முந்தின நாள் சாயங்காலம் அவரே எல்லாவற்றையும் துடைத்து அடுக்கினாராம். அப்போது பன்றி தலையோடுதான் இருந்ததாம்.

மேவிஸுக்கு எல்லாம் விளங்கிவிட்டது போலிருந்தது. இந்தத் தொழிலில் ஒரு குறுக்கு வழி உண்டு என்று அம்மா ஒருமுறை சொல்லியிருந்தாள். சிலர் நல்ல பொருளிலிருந்து ஒரு பாகத்தை மட்டும் எடுத்து மறைத்துவிடுவார்களாம். மத்தியானம்வரை யாரும் வாங்க மாட்டார்கள். பிறகு அவர்களே திரும்பி வந்து, சும்மா கொடுக்கிற விலைக்கு அதை வாங்கிப் போவார்கள்.

அவள் மெர்வினின் கோட்டைப் பார்த்தாள். இடதுபக்கப் பை ஒன்று பன்றித் தலை அளவுக்குப் புடைத்திருந்தது.

ஆனால் லொரெட்டா பார்த்தது வேறு இடத்தை. அம்மாவின் தோளில் தொங்கிய பெரிய பையை.

"தப்பா நினைச்சுக்காதீங்க. அந்தப் பையைக் கொஞ்சம் திறந்து காட்ட முடியுமா?" என்றார்.

சாமான் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் அப்படியே நின்றுவிட்டார்கள். மேவிஸின் காது மடல்கள் சுட்டன. அம்மா பையை மேசைமேல் கவிழ்த்தாள். பொருட்களைச் சுற்றுகிற பழைய செய்தித்தாள், ஒரு ஃபிளாஸ்க், பாதி கடித்த டோனட். வேறொன்றும் இல்லை. லொரெட்டா மன்னிப்பைப் போல ஏதோ முணுமுணுத்தார். ஆனால் சுற்றி நின்றவர்கள் அம்மாவைப் பார்த்த பார்வை மாறவில்லை.

அம்மாவுக்கு இந்தத் தொழிலில் பெயர்தான் எல்லாம். அது போய்விட்டால் எந்த வீட்டிலும் ஏற முடியாது. இது மேவிஸுக்குத் தெரியும்.

மெர்வின் மெல்ல நழுவி வேலியோரம் போவதை அவள் கவனித்தாள். பூனைபோலப் பின்னாலேயே போனாள். அவர் ஒரு புதரோரம் நின்று, இப்படியும் அப்படியும் பார்த்துவிட்டு, இடதுபக்கப் பைக்குள் கையை விட்டார்.

மேவிஸ் மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

வெளியே வந்தது ஒரு பெரிய ஜாம் சாண்ட்விச்.

அவர் அதைக் கடிக்க வாயைத் திறந்தபோது அவளைப் பார்த்துவிட்டார். இருவரும் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டார்கள். பிறகு மெர்வின் பெருமூச்சு விட்டு, ஒவ்வொரு பையாக வெளியே இழுத்துக் காட்டினார். பூதக்கண்ணாடி, இரும்பா பித்தளையா என்று பார்க்க ஒரு காந்தம், அளவு நாடா, டார்ச், இன்னும் மூன்று சாண்ட்விச்.

"போதுமா?" என்றார். "உண்மையச் சொல்லட்டுமா? நான் உங்க அம்மா மேலதான் சந்தேகப்பட்டேன்."

"நான் உங்க மேல" என்றாள் மேவிஸ்.

"அப்ப நமக்குள்ள கணக்கு சரியாப் போச்சு" என்று சொல்லிவிட்டு அவர் சாண்ட்விச்சைக் கடித்தார்.

மேவிஸுக்கு வெட்கமாக இருந்தது. அவரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுத் திரும்பினாள். அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. கிளிங், கிளிங்.

லொரெட்டாவின் மகள் ட்ரூடி புல்வெளியைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தாள். ஆறு வயது இருக்கும். காலில் மஞ்சள் நிற மழைக்கால பூட்ஸ். ஊரில் மழை பெய்து பத்து நாளாகிறது. அவள் ஒவ்வொரு முறை வலது காலை வைக்கும்போதும் பூட்ஸுக்குள் ஏதோ கிளிங் என்றது.

மேவிஸ் அவள் போன வழியே வீட்டின் பின்பக்கம் போனாள். அங்கே ஒரு காலி நாய்க்கூண்டு இருந்தது. அதன் வாசலிலிருந்து இளஞ்சிவப்பு மூக்கும் இரண்டு வட்டக் கண்களுமாகப் பன்றித் தலை அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் காப்பிப் பெட்டியின் கைப்பிடி. ட்ரூடி பூட்ஸைக் கழற்றி உதறினாள். கடிகாரச் சாவி விழுந்தது.

ட்ரூடி நிமிர்ந்து பார்த்தாள். அழப்போகிற முகம்.

"அம்மாகிட்ட சொல்லிடுவியா?"

மேவிஸ் ஒரு கத்துக் கத்தினால் போதும். எல்லோரும் ஓடி வருவார்கள், அம்மாவின் பெயர் அந்த நிமிஷமே சுத்தமாகிவிடும். வாய்வரை வந்ததை அவள் விழுங்கினாள். புல்லில் உட்கார்ந்து, ஏன் இப்படிச் செய்தாய் என்று மட்டும் கேட்டாள்.

"தலை இல்லாட்டி யாரும் வாங்க மாட்டாங்க" என்றாள் ட்ரூடி. "வாங்கலைன்னா வீடு காலியாகாது. காலியாகலைன்னா நாங்க அரிசோனா போக மாட்டோம்."

கணக்கு சரியாகத்தான் இருந்தது. ஒன்றைத் தவிர. மேவிஸ் நூற்றுக்கணக்கான விற்பனைகளைப் பார்த்தவள். விற்காத பொருள் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அதைத் தெருவோரம் வைத்துவிடுவார்கள். திங்கட்கிழமை குப்பை வண்டி வரும்.

அதை அவள் மெதுவாகச் சொன்னாள். சாமான் விற்றாலும் விற்காவிட்டாலும் அவர்கள் குடும்பம் அரிசோனாவுக்குப் போகத்தான் போகிறது என்பதையும் சொன்னாள். ட்ரூடி பன்றித் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

"குப்பைக்கா?"

"ஆமா. தலை ஒரு பக்கம், உடம்பு ஒரு பக்கம்."

"வாங்குறவங்க கெட்டவங்களா இருந்தா?"

மேவிஸ் யோசித்தாள். அவளுக்கு ஒரு வழி தோன்றியது.

"நீயே கேட்டுப் பாரு. பிடிச்சிருந்தா தலையைக் குடு. பிடிக்கலைன்னா குடுக்காதே."

தலையை இரண்டு கையாலும் அணைத்தபடி ட்ரூடி கராஜுக்குள் நடந்து வந்தபோது லொரெட்டா அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். மகளை இழுத்து அணைத்துக்கொண்டார். பிறகு எழுந்து, எல்லோர் காதிலும் விழும்படி கோரினிடம் மன்னிப்புக் கேட்டார். என் மகளைக் கவனித்திருக்க வேண்டியவள், உங்கள் பையைச் சந்தேகப்பட்டுவிட்டேன் என்றார். அம்மா அவர் கையைத் தட்டிக்கொடுத்தாள்.

அதற்கப்புறம் அங்கே நடந்தது விற்பனையே அல்ல, விசாரணை. ட்ரூடி நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள். காப்பிப் பெட்டியைக் கேட்ட தாத்தா, தினமும் எத்தனை கோப்பை காப்பி குடிப்பார் என்று சொல்ல வேண்டியிருந்தது. மெர்வின் கடிகாரத்தைக் கேட்டார்.

"எங்க மாட்டுவீங்க?"

மெர்வின் தலையைச் சொறிந்தார். வாங்கி விற்கத்தான் வந்திருந்தார். ஆனால் அந்தச் சின்னக் கண்கள் அவரை விடவில்லை.

"என் சமையலறையில" என்றார் கடைசியில்.

"நிஜமா?"

"இப்பத்தான் முடிவு பண்ணினேன். ஆனா நிஜம்."

சாவி கைமாறியது.

அம்மாவின் முறை வந்தது. அம்மா பொய் சொல்ல மாட்டாள்.

"நான் இதை வச்சுக்க மாட்டேன் கண்ணு. வேற யாருக்காவது வித்துடுவேன்" என்றாள் அம்மா.

ட்ரூடி பன்றித் தலையைப் பார்த்தாள். கோரினைப் பார்த்தாள். வெகுநேரம் யோசித்தாள்.

"அப்ப நீங்களும் கேக்கணும். உள்ள பிஸ்கட் போடுவாங்களான்னு."

அம்மா சரி என்றாள். ட்ரூடி தானே தலையைத் தூக்கிப் பன்றியின் கழுத்தில் பொருத்தினாள்.

அம்மா கொடுத்த வாக்கைக் காப்பாற்றினாள். சில்லறைக் காசு போட்டுவைக்கப் பன்றியைக் கேட்டு வந்த ஒருவரைத் திருப்பி அனுப்பினாள். பூ வைக்கப் போவதாகச் சொன்ன ஒரு பெண்மணியையும் அனுப்பிவிட்டாள். மூன்றாவது வாரம் வந்தவர் மேவிஸின் பள்ளிப் பேருந்து ஓட்டுநர். வீட்டில் மூன்று பிள்ளைகள், பிஸ்கட் போடத்தான் கேட்டார்.

அவர் பன்றியை எடுத்துக்கொண்டு போன மறுவாரம், மேவிஸ் அரிசோனாவுக்கு ஒரு தபால் அட்டை எழுதினாள்:

"அன்புள்ள ட்ரூடி, பன்றி நலம். உள்ளே ஓட்ஸ் பிஸ்கட். ஆளுக்கு இரண்டு என்று கணக்கு. ஆனால் தினமும் ஒன்று குறைகிறதாம். பிள்ளைகள் மூவரும் அப்பாவைத்தான் சந்தேகப்படுகிறார்கள்."