அக்கா வீடு, 38 கி.மீ.

ஒன்பது நாள் காவல் நிலையத்தில் கிடந்த கார், ஒரு செவ்வாய்க்கிழமை காலை வீட்டுக்கு வந்தது. அக்கா தங்கை இருவரில் பெரியவளின் கணவர் அதைப் போர்ட்டிகோவில் நிறுத்தினார். "உள்ள துடைச்சிட்டேன். நீ எதையும் தோண்டிப் பார்க்காத" என்று சாவியைக் கொடுத்துவிட்டு வேலைக்குக் கிளம்பினார். தோண்டாதே என்றால் சும்மா இருக்கிற ரகமல்ல பெரியவள். அவர் தலை மறைந்ததும் கார் கதவைத் திறந்தாள்.

தேங்கிய தண்ணீரின் வாடை அடித்தது.

சாவியைத் திருப்பியதும் வழிகாட்டும் திரை விழித்துக்கொண்டு வழக்கமான கேள்வியைக் கேட்டது. 'வரைபடம் பழையது. இப்போது புதுப்பிக்கவா? பிறகா?'

மூன்று வருடமாக அதே கேள்வி. மூன்று வருடமாக அவள் விரல் 'பிறகு' மேல்தான் போகும். ஸ்கேன் சென்டர் வரவேற்பில் உட்கார்ந்து ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் நேரம் ஒதுக்கிக் கொடுப்பவளுக்கு, தன் காருக்கு ஒரு மணி நேரம் ஒதுக்க வாய்க்கவில்லை.

அந்தப் பழைய வரைபடத்தோடுதான் தங்கை போனாள். அலுவலக வேலையாக வெளியூர் போக அக்காவின் காரை இரவல் வாங்கியவள், கிளம்பும்போது கேட்டாள்.

"அக்கா, மேப் பழசுன்னு சொல்லுதே. நம்பிப் போலாமா?"

"அதெல்லாம் போகும், போடி."

திரும்பி வரும்போது பேய்மழை. கருவி காட்டிய சாலையைக் கல்குவாரி எப்போதோ விழுங்கியிருந்தது. கார் பள்ளத்தின் விளிம்பில் விளக்கு எரிய அப்படியே நின்றது. முன்னால் வழி இருக்கிறதா என்று பார்க்க இறங்கியவள்தான். குவாரித் தண்ணீரில் நான்கு நாள் தேடிவிட்டு, ஒரு செருப்பைக் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

அவள் போட்ட பயணம் திரையில் இன்னும் முடியாமல் இருந்தது. 'அக்கா வீடு. 38 கி.மீ.' அம்புக்குறி குவாரி விளிம்பிலேயே நின்றது. பெரியவள் அதைத் தடவிக்கொண்டு வெகுநேரம் அழுதாள்.

மறுநாள் பார்த்தபோது 33 என்றிருந்தது.

கார் இம்மியும் நகரவில்லை. அம்பு மட்டும் குவாரியை விட்டு ஊர்ப்பக்கமாக வந்திருந்தது. மெக்கானிக்குக்குப் போன் போட்டாள். "ஆன்டெனாவில தண்ணி ஏறியிருக்கும்மா. அப்டேட் போடுங்க, சரியாயிடும்" என்றார் அவர். கணவரும் அதையே பிடித்துக்கொண்டார். புது வரைபடத்தை ஒரு பென்டிரைவில் ஏற்றிக் கொண்டுவந்து மேசையில் வைத்தார்.

"இதைப் போட்டா பழசெல்லாம் அழிஞ்சு புதுசாயிடும். சனிக்கிழமை வித்துடலாம்."

பழசெல்லாம் அழிந்துவிடும் என்பதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. தங்கை எங்கே இருக்கிறாள் என்று சொல்ல இந்த உலகத்தில் அவளுக்கு மிச்சம் இருந்தது அந்த அம்பு ஒன்றுதான். பென்டிரைவைத் தொடாமல் காலையும் மாலையும் போய்ப் பார்த்தாள். 28. 21. 15. பைத்தியம் பிடித்துவிட்டதா என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். பிடித்தால் பிடிக்கட்டும், அவள் வந்தால் போதும் என்று தானே பதிலும் சொல்லிக்கொண்டாள்.

சனிக்கிழமை மதியம் 0.2 என்று காட்டியது.

வாசலுக்கு ஓடினாள். தெரு இரு பக்கமும் காலியாகக் கிடந்தது. வெயிலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு அப்போதுதான் அது நினைவுக்கு வந்தது.

இந்த வீட்டுக்குக் குடிவந்து ஒரு வருடம்தான் ஆகிறது. பழைய வரைபடத்தில் இந்தத் தெருவே கிடையாது, வெறும் பொட்டல். அதனால் தங்கை எப்போதோ 'அக்கா வீடு' என்று பதிந்துவைத்த முகவரியை மாற்ற முடியாமல் பெரியவள் அப்படியே விட்டிருந்தாள். கருவிக்குத் தெரிந்த 'அக்கா வீடு' ஊரின் அந்தக் கோடியில் இருக்கும் பழைய வாடகை வீடு. அங்கே இப்போது ஒரு தையற்காரம்மாவும் அவள் நாலு வயது மகளும் இருக்கிறார்கள்.

துணி தைக்கக் கொடுக்க வாங்கிவைத்திருந்த எண்ணுக்குப் போன் போட்டாள். தையற்காரம்மாவின் குரல் கிசுகிசுப்பாக வந்தது.

"மேடம், வாசல்ல யாரோ நிக்கிறாங்க. எட்டிப் பார்த்தா ஆளில்ல. கதவுக்கு அடியில தண்ணி வருது."

"பேசுறாங்களா?"

"'அக்கா, கதவத் தொற'ன்னு குரல் கேக்குது. என் பொண்ணு தொறக்கணும்னு அடம்பிடிக்குது. பிடிச்சு வெச்சிருக்கேன்."

"தொறக்காதீங்க. போனை வெக்காதீங்க."

மேசையிலிருந்த பென்டிரைவை எடுத்துக்கொண்டு ஓடி, காரில் ஏறிச் செருகினாள். அழிந்துபோனால் தங்கை நடுவழியில் நிற்பாள், எங்கே போவதென்று தெரியாமல், இன்னொரு முறையும் தன்னால். அழிக்காவிட்டால் அந்தக் குழந்தை. 'இப்போது' என்ற பொத்தானை அழுத்தினாள்.

பத்து சதவீதம். முப்பது.

போனில் கதவு தட்டும் சத்தம் கேட்டது. குழந்தை அழுதது.

அறுபது.

"மேடம், தாழ்ப்பாள் தானா ஆடுது."

தொண்ணூறு. தொண்ணூறிலேயே நின்றது. பெரியவள் ஸ்டியரிங்கில் தலையை முட்டிக்கொண்டு, "வேண்டாம்டி, அந்த வீடு இல்லடி" என்று கெஞ்சினாள்.

திரை அணைந்து எரிந்தது. அம்பு இல்லை, பயணம் இல்லை, எல்லாம் அழிந்து போயிருந்தது. எழுத்து எழுத்தாகத் தட்டி இந்தத் தெருவையும் கதவு எண்ணையும் போட்டாள். பெயர் கேட்டது. அக்கா வீடு.

"சத்தம் நின்னுடுச்சு மேடம்" என்றாள் தையற்காரம்மா. போனை வைத்துவிட்டாள்.

அரை நிமிடம் எதுவும் நடக்கவில்லை. தங்கையை இரண்டாவது தடவையும் தொலைத்துவிட்டோம் என்று பெரியவள் நினைத்தாள். பிறகு திரையில் தானாக ஒரு வரி வந்தது.

'அக்கா வீடு. 11 கி.மீ.'

8.

3.

இப்போது அது நடந்து வரவில்லை, ஓடி வந்தது.

இறங்கி ஓடிவிடலாமா என்று நினைத்தாள். ஓடினால் அவள் அப்புறம் யார் வீட்டுக் கதவைப் போய்த் தட்டுவாள்? பெரியவள் இருக்கையிலேயே உட்கார்ந்திருந்தாள்.

"சேர வேண்டிய இடம் வந்துவிட்டது" என்றது கருவி.

தெருவில் யாரும் இல்லை. ஒரு கதவும் திறக்கவில்லை. டிங், டிங், டிங் என்று மணி அடிக்கத் தொடங்கியது. பக்கத்து இருக்கையில் ஆள் உட்கார்ந்து பெல்ட் போடாவிட்டால் அடிக்கும் மணி அது. இருக்கை காலியாகத்தான் இருந்தது. ஆனால் அதன் மெத்தை நடுவில் அமுங்கியிருந்தது, விளிம்பிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"என் தப்புடி" என்றாள் பெரியவள். "எல்லாம் என் தப்பு."

மணி நிற்கவில்லை. சிறு வயதில் அவளுக்குச் சட்டைப் பொத்தான் போட்டுவிட்ட மாதிரி, பெல்ட்டை இழுத்து அந்தப் பக்கம் மாட்டிவிட்டாள். கை எதிலோ பட்டது. சில்லென்று இருந்தது. மணி நின்றது.

அப்போது கணவர் போனில் அழைத்தார். "அப்டேட் போட்டாச்சா? அஞ்சு மணிக்கு வாங்குற ஆள் வர்றாரு."

"வண்டிய விக்க வேண்டாம்."

"ஏன், என்ன ஆச்சு? நீ தனியாவா இருக்க?"

"ஆமா."

மறுமுனையில் ஒரு கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

"அப்ப உன் பக்கத்துல யாரு இப்படி மூச்சு வாங்குறது?"