சுண்ணாம்பு படாத பானை

மத்தியானச் சோற்றை முடித்துக் கை கழுவும்போது வன்னியபெருமாளுக்கு அந்த வாடை வந்தது. உப்புக்காற்றோடும் திரேஸ்புரத்துக் கருவாட்டு வீச்சத்தோடும் சேர்ந்து வெளியிலிருந்து வருகிறது என்று நினைத்துச் சன்னலைச் சாத்தினான்; சாத்திய பிறகு அறைக்குள் அது இன்னும் கனத்தது; உள்ளங்கையைக் குவித்து ஊதி முகர்ந்து பார்த்தபோது, வெயிலில் மறந்து வைத்த கள்ளின் புளித்த நெடி அவன் மூச்சிலிருந்தே வந்தது.

அவன் கள்ளைத் தொட்டதில்லை. தொட நினைத்தாலும் வழியில்லை. போன புரட்டாசியில் ஜில்லா முழுக்கக் கள்ளுக்கடைகளை மூடிவிட்டார்கள். வாடை அடித்தால் போதும், போலீஸ் கொண்டுபோய்விடும்.

மாசியில் அவனுக்குச் சீதபேதி கண்டிருந்தது. டாக்டர், யுத்தத்தின்போது வந்த புது வெள்ளை மாத்திரைகளைக் கொடுத்தார். "வயித்துல ஒரு கிருமி மிஞ்சாது. எல்லாத்தையும் தொடச்சு எடுத்திரும்" என்றார். பேதி நின்றது. அதற்குப் பிறகுதான் இது. சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் தரை சாயும். நாக்கு தடிக்கும். அன்று சாயங்காலம் அவன் வேலை பார்க்கும் கிட்டங்கியில் கருப்பட்டிச் சிப்பங்களை எடைபோட்டபோது தராசு முள் இரண்டாகத் தெரிந்தது. முதலாளி அருகில் வந்து முகர்ந்தார். அவன் மைத்துனன் தாணுலிங்கத்துக்கு ஆள் அனுப்பினார்.

தாணுலிங்கம் அவனைத் தோளில் சாய்த்து வீட்டுக்குக் கொண்டுவந்தான்.

"அத்தான், எங்கன ஒளிச்சு வச்சிருக்கிய? எனக்கும் ஒரு வாய் குடுக்கப்படாதா?"

"நான் குடிக்கலைலே."

"ஆமா. கடல்ல தண்ணி இல்லன்னும் சொல்லுங்க."

சீனித்தாய் சிரிக்கவில்லை. புருசனைப் பின்னறையில் விட்டு வெளியே கொண்டி போட்டாள்.

"வெளிய வந்தா செயிலுதான். இங்கனயே கெடங்க. வயிறு நெறஞ்சு, இனிப்பும் உள்ள போனா கள்ளு நெனப்பு வராது. எங்க அய்யாவையே இப்பிடித்தான் திருத்துனோம்."

வேளைதோறும் கும்பா நிறையச் சோறு வந்தது. சொம்பு நிறையப் பதநீர் வந்தது.

மூடிய அறையின் புழுக்கத்தில் படுத்திருந்தவனுக்கு ஒரு சத்தம் கேட்டது. சின்ன வயதில் பனங்காட்டில் கேட்ட சத்தம். பனையில் கட்டும் பானைக்குள் சுண்ணாம்பு தடவுவார்கள். தடவினால் வடிவது பதநீர், மறந்தால் அது கள். மறந்த பானையில் காதை வைத்தால், உள்ளே குட்டி நண்டுகள் நடப்பதுபோல நுரை வெடித்துக்கொண்டிருக்கும். அது இப்போது அவன் தொப்புளுக்குக் கீழே வெடித்தது.

மாத்திரை எதையெல்லாம் கொன்றது? கெட்டதைக் கொன்றது. காவல் இருந்ததையும் கொன்றதோ? காலியான வீட்டில் எதுவோ குடிவந்துவிட்டது. அதற்குச் சோறு வேண்டும். இனிப்பு வேண்டும். சாப்பிடுவது அவன் இல்லை.

"சோறு வேண்டாம், சீனித்தாயி. சோறுதான்... கள்ளாகுது."

சொல் குழறியது. கதவுக்கு வெளியே தாணுலிங்கம் சிரிப்பை அடக்க முடியாமல் சுவரில் சாய்ந்தான்.

"கேட்டியாக்கா? சோறு கள்ளாகுதாம். நாமளும் தெனம் திங்கோம், நமக்கு ஒண்ணும் ஏற மாட்டக்கு!"

வன்னியபெருமாள் கும்பாவைத் தள்ளிவிட்டான். மைத்துனன் உள்ளே வந்து அவன் கைகளைப் பிடித்துக்கொண்டான். அவள் அழுதாள். அழுதுகொண்டே ஊட்டினாள்.

அவர்கள் போன பிறகு மூலையில் ஒரு சட்டியைப் பார்த்தான். வெள்ளையடிக்க நீற்றிய சுண்ணாம்பு. ஒரு பானைக்கு எவ்வளவு என்று அவனுக்குத் தெரியும். இந்தப் பானைக்கு எவ்வளவு?

விரல்களால் வழித்தான்.

விழுங்கினான்.

நெருப்பு. நாக்கில். தொண்டையில். கத்தினான். குரல் இல்லை. காற்று மட்டும்.

சட்டி உருண்ட சத்தத்தில் கொண்டி திறந்தது. சீனித்தாய் ஓடிவந்து அவன் தலையை மடியில் ஏந்தினாள்.

"வெறியில சுண்ணாம்பத் தின்னுட்டாரே! பாவி, சுண்ணாம்பத் தின்னுட்டாரே!"

"டாக்டரக் கூட்டியாரட்டாக்கா?" தாணுலிங்கத்தின் முகத்தில் இப்போது சிரிப்பு இல்லை.

"வேண்டாம்லே. வாடையை மோந்தா அவரே போலீசுக்குச் சொல்லிருவாரு. பதநீ எடு. குளுமைக்கு எரிச்சல் அடங்கும்."

வேண்டாம்.

தலையை ஆட்டப் பார்த்தான். ஆடவில்லை. அவள் தாடையைப் பிடித்தாள். குளிர்ந்தது. இனித்தது. இறங்கியது.

"இன்னும் ஒரு மடக்கு. அவ்வளவுதான். இன்னும் ஒண்ணு."

சொம்பு காலியானது. வயிறு அமைதியாக இருந்தது.

பிறகு ஆரம்பித்தது. முன்னைவிட உரக்க.

இந்த முறை அவளுக்கும் கேட்டது. குனிந்து அவன் வயிற்றில் காதை வைத்தாள். அவள் முகம் தெளிந்தது.

"ஏலே, வயிறு கத்துது. பசிக்கி போலுக்கு. கஞ்சி கொண்டா."

அவன் வாயோரம் நுரை கட்டியது. சுவரிலிருந்து எறும்புகள் வரிசையாக இறங்கின. பாயைக் கடந்தன. கழுத்தில் ஏறின. அவள் பார்க்கவில்லை. கரண்டிக் கஞ்சியை உதட்டருகே வைத்து, சுட்டுவிடக் கூடாதே என்று ஊதி ஊதி ஆற்றிக்கொண்டிருந்தாள்.