பதிமூன்று என்றது மெஷின்

எண் குறைந்திருந்தது. ஆனால் குழந்தை துவண்டு கிடந்தது.

ஜாதவ்பூரின் அந்தத் தனியார் மருத்துவமனையில், குழந்தைகள் பிரிவின் தலைமை மருத்துவர் ஷியாமளா, நீல விளக்கின் கீழ் கிடந்த சிசுவின் உள்ளங்காலை விரலால் அழுத்தி எடுத்தார். மஞ்சள். நேற்று அது முழங்காலோடு நின்றிருந்தது.

"பிலிருபின் நேத்து பதினெட்டு, இன்னிக்குப் பதிமூணு மேடம். லைட்டே போதும். பிளட் மாத்த வேண்டாம்" என்றார் ராகுல். கொல்கத்தாவிலேயே பிறந்து வளர்ந்த இளம் டாக்டர்.

தாய் பூங்கோதையின் ரத்தம் நெகட்டிவ். பிள்ளையுடையது பாசிட்டிவ். முதல் பிரசவத்தில் தாயின் உடம்பில் உண்டான எதிர்ப்பு, இப்போது இவனுடைய ரத்த அணுக்களை உடைத்துக்கொண்டிருந்தது. அணுக்கள் உடையும்போது சேரும் மஞ்சள் நிறமிதான் பிலிருபின்; அது மூளையைத் தொட்டுவிட்டால் பிறகு மருந்தில்லை.

"காலையில வேற யாருக்காவது ரத்தம் எடுத்தீங்களா?"

"இல்ல மேடம். இவனுக்கு மட்டும்தான்."

"லேப் மெஷின்?"

"சரியா இருக்கு. கேட்டுட்டேன்."

ஆள் மாறவில்லை. மெஷினும் பழுதில்லை. ஷியாமளா பூங்கோதையிடம் திரும்பினார். துறைமுக வேலையில் கணவருக்கு மாற்றல் கிடைத்து, தூத்துக்குடியிலிருந்து வந்தவர்.

"பால் குடிச்சானா?"

"வாயே தொறக்க மாட்டேங்கான் டாக்டர். காலையில இருந்தே எனக்கு மனசு சரியில்ல. அந்த நீல வெளிச்சத்துல ரத்தம் கருகருன்னு தெரிஞ்சுது. பார்க்கவே பயமா இருந்துச்சு."

ஷியாமளா நிமிர்ந்தார். "ராகுல், ரத்தம் எடுக்கும்போது விளக்கை அணைச்சீங்களா?"

"அணைச்சேன். எடுத்ததும் திரும்பப் போட்டேன்."

"அப்போ இவங்க எப்படி நீல வெளிச்சத்துல ரத்தத்தைப் பார்த்தாங்க?"

பூங்கோதைதான் சொன்னார். "இவருக்கு போன் வந்துச்சு. ரத்தம் எடுத்த குழாயைப் புள்ள பக்கத்துலயே வச்சிட்டுப் போனாரு. திரும்பி வர ரொம்ப நேரமாச்சு."

ஷியாமளா விளக்கை அணைத்தார். தானே ரத்தம் எடுத்து, குழாயில் கறுப்புத் தாளைச் சுற்றி, லேபுக்கு விரைந்தார். பின்னாலேயே ராகுல்.

இருபத்தைந்து.

"பிலிருபினை மாத்தறதுக்குத்தான் குழந்தையை அந்த வெளிச்சத்துல போடறோம்" என்றார் ஷியாமளா. "குழாய்ல இருந்ததை மட்டும் அது விடுமா? மெஷின் பொய் சொல்லல. குழாய்ல மிச்சமிருந்தது பதிமூணுதான்."

"என் தப்பு மேடம்."

"அப்புறம் பேசலாம். ஓ நெகட்டிவ் ரத்தத்துக்குச் சொல்லுங்க."

தொப்புள் வழியே கொஞ்சம் எடுத்து, அதே அளவு ஏற்றி, மறுபடி எடுத்து, மறுபடி ஏற்றி, மாலைவரை இருவரும் நிமிரவில்லை.

மறுநாள் குழந்தை பாலைத் தேடி வாயைத் திறந்தது. மஞ்சள் காது நரம்பைத் தொட்டிருக்குமா என்ற சோதனை இன்னும் பாக்கி.

ராகுல் கட்டிலருகே நின்று நடந்ததை ஒளிக்காமல் சொன்னார். பூங்கோதை பிள்ளையைத் தோளுக்கு மாற்றிக்கொண்டார்.

"இனிமே இவனுக்கு ரத்தம் எடுக்க நீங்களே வாங்க" என்றார். "மத்தவங்களுக்கு மறந்துபோயிரும். உங்களுக்கு மறக்காது."