மூன்றில் இரண்டு

திரையின் முதல் இரண்டு சதுரங்களில் நாற்காலி கட்டிலை ஒட்டிக் கிடந்தது. மூன்றாவதில் அது சுவரோரமாக, காலையில் அவள் விட்டுவந்த இடத்திலேயே இருந்தது.

மற்றபடி மூன்றும் ஒன்றுதான். அதே அறை, அதே நீலத் திரைச்சீலை, வாயைப் பிளந்துகொண்டு மதியத் தூக்கம் போடும் அதே மகள். விழித்திருக்கும் நேரத்தில் ஓர் இடத்தில் உட்காராத பிள்ளை என்பதால் வீட்டில் அவளுக்கு வாலு என்று பெயர்.

வாலுவின் அம்மாவுக்கு அலுவலகத்தில் பூட்டு என்று பெயர். ஒரு பூட்டுப் போட வேண்டிய இடத்தில் இரண்டு போடுகிறவள், போட்டதையும் இழுத்துப் பார்த்துவிட்டே நகர்கிறவள் என்று யாரோ கேலியாக வைத்தது; அவளுக்கே பிடித்துப்போய் ஒட்டிக்கொண்டது. வீடுகளில் மாட்டும் கேமராக்களின் பதிவுகளைப் பத்திரமாக வைத்திருப்பது அந்த நிறுவனத்தின் பிழைப்பு. பழைய சர்வர் ஒருநாள் படுத்து, ஏகப்பட்ட குடும்பங்களின் பதிவுகள் போன இடம் தெரியாமல் போன பிறகு, புதிய ஏற்பாட்டைச் செய்யும் பொறுப்பு பூட்டின் தலையில் விழுந்தது. மூன்று சர்வர்கள், ஒன்று இந்த அறையில், மற்ற இரண்டும் ஊரின் இரு கோடிகளில். மூன்றையும் கோத்து ஒரே கிளஸ்டர். எந்தப் பதிவு வந்தாலும் மூன்றிலும் ஒவ்வொரு நகல் போய் உட்காரும். நகல்களுக்குள் தகராறு வந்தால் இரண்டு சொல்வது செல்லும். ஒற்றையாய் நிற்பதை அழித்து, மற்ற இரண்டைப் போல எழுதிவிட வேண்டும். அந்த விதியை எழுதியவளும் அவள்தான்.

வாடிக்கையாளர்கள் போனில் பார்க்கும் ஆப், அலுவலகக் கதவுகள், விளக்குகள், வருகைப் பதிவு எல்லாம் இனி இந்தக் கிளஸ்டரைக் கேட்டுத்தான் இயங்கும். நாளைக் காலையில் திறந்தே தீர வேண்டும் என்று மேலாளர் ஒற்றைக் காலில் நின்றார். அதனால் விடுமுறை நாளில், ஈ காக்கை இல்லாத கட்டிடத்தில், ஜன்னலே இல்லாத சர்வர் அறையில் தனியாக உட்கார்ந்திருந்தாள். சோதித்துப் பார்க்க ஊரார் வீட்டுக்குள் எட்டிப்பார்ப்பது முறையல்ல என்று தன் வீட்டுக் கேமராவையே இணைத்திருந்தாள். ஒவ்வொரு சர்வரிலும் இருக்கும் நகல் ஒவ்வொரு சதுரத்தில் ஓடியது.

பதிவு வந்து சேர்வதில் ஏதோ தாமதமாக இருக்கும் என்று காத்திருந்தாள். சர்வர்களின் விசிறிகள் ஒரே சுருதியில் இரைந்தன. அந்த இரைச்சலுக்கு அடியில், கூர்ந்து கேட்டால் மட்டும் பிடிபடுகிற இன்னொரு சத்தம், யாரோ பக்கத்து அறையில் சீப்பால் நீளமாகத் தலை வாருவது போல, இழுத்து, நின்று, மறுபடி இழுத்து, வந்துகொண்டிருந்தது. சூடேறிய பிளாஸ்டிக்கின் வாடையும் தரைக்கு அடியிலிருந்து பீய்ச்சும் குளிர்காற்றின் ஈர வாடையும் மூக்கில் மாறி மாறி ஏறின. மூன்று சர்வர்களின் கடிகாரங்களையும் பார்த்தாள். ஒன்றுக்கொன்று இம்மி பிசகவில்லை. நாற்காலி மட்டும் பிசகியது.

கணவனுக்குப் போன் செய்தாள்.

"வாலு தூங்கறாளா?"

"அடிச்சுப் போட்ட மாதிரி. ஏன்?"

"அவ ரூம்ல நாற்காலி எங்க இருக்கு, பாத்துச் சொல்லுங்களேன்."

"நாற்காலிய விசாரிக்க ஒரு போனா?" செருப்பு தேயும் சத்தம் போய்த் திரும்பி வந்தது. "செவத்தோரம். அதுக்கு நல்ல சுகம், உன்னைக் கேட்டதாச் சொல்லச் சொல்லுச்சு."

அவள் சிரித்துவிட்டுப் போனை வைத்தாள். அப்படியானால் மூன்றாவது சதுரம், இந்த அறையில் இருக்கும் நகல்தான் உண்மை. மற்ற இரண்டும் பொய். அதுவும் ஒரே பொய். இரண்டு சர்வர்கள் தனித்தனியே கெட்டுப்போகலாம், அதைப் புரிந்துகொள்ள முடியும். ஊரின் இரண்டு மூலைகளில் இருந்துகொண்டு பேசிவைத்தாற்போல் ஒரே மாதிரி எப்படிக் கெடும்?

திரையை நிமிர்ந்து பார்த்தபோது, அந்த இரண்டு சதுரங்களிலும் நாற்காலியில் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள்.

முதுகுதான் தெரிந்தது. தோள்பட்டையில் தையல் விட்ட நைட்டி. இடப்பக்கமாகச் சரிந்த பின்னல். கட்டில் சட்டத்தில் முழங்கையை ஊன்றிக்கொண்டு, தூங்கும் பிள்ளையின் மேல் குனிந்திருந்தாள். வேறு யாருமில்லை, பூட்டுதான்.

பழைய பதிவு, என்று அவள் வாய்விட்டே சொல்லிக்கொண்டாள். போன வாரம் வாலுவுக்குக் காய்ச்சல் வந்தபோது இப்படித்தான் விடிய விடிய உட்கார்ந்திருந்தாள். அந்தப் பதிவு எங்கோ சிக்கி இப்போது மேலே வந்திருக்கிறது, அவ்வளவுதான். மூச்சு சீரானது. அப்புறம்தான் வாலுவின் சட்டையைப் பார்த்தாள். நேற்றுக் கடையில் வாங்கி, இன்று காலை விலைச்சீட்டைக் கத்தரித்துவிட்டு, அவள் கையாலேயே மாட்டிவிட்ட சட்டை.

மேலாளரைக் கூப்பிட்டாள். அவருக்கு அலுவலகம் வைத்திருந்த பெயர் அவசரம்; நின்று நிதானமாக அவர் ஒரு வாய் தண்ணீர் குடித்து யாரும் பார்த்ததில்லை.

"சார், இங்க இருக்கிற நகல்தான் சரி. மத்த ரெண்டும் தப்பு. ரெண்டும் ஒரே மாதிரி தப்பு."

"ஒரே மாதிரி இருந்தா அது எப்படிம்மா தப்பாகும்?"

"அதுல நான் இருக்கேன் சார். எங்க வீட்டுல."

எதையோ மெல்லும் சத்தம் நின்றது. பிறகு சிரித்தார். "லீவு நாள்ல வேலை பாத்தா அப்படித்தான். உடம்பு இங்க, மனசு அங்க. ஊரோட ஒத்து வாழ்னு அந்த மூணாவது மெஷினுக்குச் சொல்லு. ரிப்பேரை ஓட விடு, மூணும் ஒண்ணாயிடும்."

"வேண்டாம் சார். குழந்தை பக்கத்துல..."

"நீ பயந்துட்டே உக்காந்திரு, நான் வீட்டுலேருந்தே போட்டுக்கறேன்." விசைகள் தட்டுப்படும் சத்தம். "போட்டாச்சு. நடுவுல மட்டும் நிறுத்திடாத. பாதி இது, பாதி அதுன்னு நின்னுடும். அப்புறம் எது யாரோடதுன்னு பிரிக்கவே முடியாது."

திரையின் அடியில் பச்சைக் கோடு ஒன்று இடமிருந்து வலமாக ஊர ஆரம்பித்தது. இந்த அறையின் நகலை மற்ற இரண்டைப் போலத் திருத்தி எழுதும் வேலை. நிறுத்தக் கட்டளை கொடுத்தாள். மேலாளர் போட்டதை அவள் நிறுத்த அனுமதியில்லை என்றது கிளஸ்டர். அந்தப் பூட்டும் அவள் போட்டதே.

மூன்றாவது சதுரத்தில் நாற்காலி சுவரோரம் இருந்தது. அடுத்த கணம் கட்டிலோரம் இருந்தது. யாரும் நகர்த்தவில்லை.

கணவனை மறுபடி கூப்பிட்டாள்.

"வாலுவைத் தூக்கிட்டு வெளிய வாங்க. தெருவுக்கு. கேள்வி கேக்காதீங்க."

"ஏய், என்னாச்சு? மழை கொட்டுது."

"தூக்கிட்டு வாங்கன்னு சொல்றேன்ல."

செருப்புச் சத்தம். மூன்று சதுரங்களிலும் கதவு திறந்தது. போனைக் காதில் வைத்தபடி அவன் உள்ளே வந்தான். வந்தவன் நிலைப்படியிலேயே நின்றான். நாற்காலியைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான்.

"நான் இப்ப யார்கிட்டப் பேசிட்டிருக்கேன்?" என்றான், மிக மெதுவாக.

"என்கிட்டதான். அங்க பாக்காதீங்க. பிள்ளையைத் தூக்குங்க."

"நீ இங்க உக்காந்திருக்கியே."

பச்சைக் கோடு பாதியைத் தாண்டியது. சதுரத்தில் அவன் முகத்திலிருந்த திகைப்பு, சுருக்கம் நீவிய துணி போல, கலைந்து போனது. அவன் சிரித்தான். நாற்காலியைப் பார்த்துப் போனை ஆட்டிக் காட்டினான். "பாரேன், உன் குரல்லயே எவளோ பேசறா."

போனுக்கு அப்பாலிருந்து, அறையின் தூரத்தோடு, பூட்டின் சொந்தச் சிரிப்பு அவள் காதில் கேட்டது.

இணைப்பு அறுந்தது.

அவள் பையைக்கூட எடுக்கவில்லை. கதவுக்கு ஓடி அட்டையைக் காட்டினாள். சிவப்பு. மறுபடி காட்டினாள். சிவப்பு. கதவின் சின்னத் திரையில் எழுத்து ஓடியது: இவர் ஏற்கெனவே வெளியேறிவிட்டார். கதவு கிளஸ்டரைக் கேட்டிருக்கிறது. மூன்றில் இரண்டு அவள் வீட்டில் இருப்பதாகச் சொல்லியிருக்கின்றன. உள்ளே யாருமில்லை என்று முடிவு செய்துகொண்டு அறையின் விளக்குகள் வரிசை வரிசையாக அணைந்தன.

இருட்டு. சர்வரின் பச்சைப் புள்ளிகள். விசிறி இரைச்சல். அடியில் அந்தச் சீப்பின் சத்தம், இப்போது பக்கத்து அறையில் இல்லை. காதோரம்.

சர்வரின் பின்பக்கம் தவழ்ந்து போனாள். மற்ற இரண்டோடு இதைப் பிணைக்கும் கேபிள் எது என்று அவள் விரல்களுக்குத் தெரியும். பிடித்தாள். நடுவுல மட்டும் நிறுத்திடாத. அவசரத்தின் குரல் மண்டைக்குள் ஓடியது. ஓடட்டும். நிறுத்தாவிட்டால் பிள்ளை முழுக்க அதன் கையில். நிறுத்தினால் பாதியாவது மிஞ்சும்.

பிடுங்கினாள்.

பச்சைக் கோடு நின்றது. முனையில் நகத்தளவு மிச்சம்; வருகைப் பதிவு அந்த மிச்சத்தில் இருந்தது. இருட்டில் தட்டச்சு செய்து விதியைத் திருத்தினாள். இரண்டு சொல்ல வேண்டாம், ஒன்று சொன்னால் போதும். இங்கே இருக்கும் ஒன்று. கதவு கிளிக்கென்றது. பச்சை. ஓடுமுன் திரும்பிப் பார்த்தாள். மூன்றாவது சதுரம் கட்டம் கட்டமாகச் சிதறிக் கிடந்தது. ஒன்றும் விளங்கவில்லை.

மழையில் எப்படி வந்தாள் என்று அவளுக்கே தெரியாது. செருப்பு ஒன்று எங்கோ போயிருந்தது. வீட்டுக் கதவு ஒருக்களித்திருந்தது. கூடத்தில் கணவன் சுவரைப் பார்த்தபடி நின்றான்.

"வந்துட்டியா?" என்றான் அவளிடம். உடனே அறைப் பக்கம் திரும்பி, "வந்துட்டியா?" என்றான். மறுபடி அவளிடம். மறுபடி அங்கே. ஒரே குரல். ஒரே கனிவு. கண்கள் மட்டும் நிற்க இடம் கிடைக்காமல் அலைந்தன.

"வாலு எங்க?"

"பிரிக்க முடியல," என்றான். அழுதான். அழுகையை அப்படியே வைத்துக்கொண்டு சிரித்தான்.

அறைக் கதவைத் தள்ளினாள்.

சோப்பு வாசனை. அவள் சோப்பு. நாற்காலி. தையல் விட்ட தோள். சரிந்த பின்னல்.

"வாலு," என்றாள்.

நாற்காலியில் இருந்தது திரும்பியது.

பின்னல் அவளுடையது. தோள் அவளுடையது. காது வரைக்கும் அவளுடையது. முகம் வாலுவுடையது. பெரிய தலையின் நடுவில், சின்னதாக, பொருந்தாமல். வாயோரம் தூக்கத்தின் எச்சில் கோடு. பல் விழுந்த ஈறு. அந்தக் கண்கள் அவளைத் தேடிக் கண்டுபிடித்தன. நிரம்பின.

"அம்மா." வாலுவின் குரல்தான். "என் கையெல்லாம் பெரிசாயிடுச்சும்மா. எனக்கு வேண்டாம். தூக்கு."

இரண்டு கைகளையும் நீட்டியது. வளர்ந்த கைகள். அவள் கைகள்.

அவள் ஓரடி பின்னால் வைத்தாள். தன் பிள்ளையின் முகம் அவள் பின்வாங்கியதைப் பார்த்தது. புரிந்துகொண்டது. உதடு கோணியது.

கட்டிலில் போர்வை அசைந்தது.

சின்ன உடம்பு ஒன்று எழுந்து உட்கார்ந்தது. நெற்றியிலிருந்து மோவாய் வரை வெறும் தோல். வழவழவென்று. ஒரு திறப்பும் இல்லை. அது தன் இரண்டு குட்டி உள்ளங்கைகளையும் அந்தத் தோலின் மேல் வைத்து, கண் இருந்த இடத்தில், மூக்கு இருந்த இடத்தில், வாய் இருந்த இடத்தில், முதலில் மெல்ல, பிறகு வேகமாக, பிறகு நகங்களால், தேடிக்கொண்டிருந்தது.